மூன்று நட்சத்திரம் குறைந்த காசு

ஜெனட் மெக்காமியைப் பிடிவாதக்காரி என்று சொல்கிறவர்கள் நோலிச்சக்கி ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளுடைய ஓடத்தில் ஏறி ஆற்றைக் கடந்து வந்துதான் அதைச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடிவாதம் என்றால் காரணமில்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்பது. அவளுக்குக் காரணம் இருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்க எவனுக்கும் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

அவள் புருஷன் ஆர்ச்சி எனக்குப் பெரியப்பா மகன். ஆகவே எனக்கு அவள் அண்ணி. என் பெயர் ஏனோக். கொல்லன். ஓடத்துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் உலைக்களம். எங்கள் பக்கம் கொல்லன் என்றால் லாடம் அடிப்பவன் மட்டுமில்லை, சில்லறை செய்து கொடுக்கிறவனும் அவன்தான். ஸ்பெயின் டாலரை உளி வைத்து எட்டுத் துண்டாக வெட்டுவேன், அடை வெட்டுகிற மாதிரி. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் சில்லறை வேண்டும் என்று எந்த அரசாங்கத்துக்கும் தோன்றியதில்லை. அதனால் வெள்ளி விஷயத்தில் என்னிடம் யாரும் கதை அளக்க முடியாது.

அண்ணி கல்யாணமாகி வந்த வீட்டைவிட்டு ஒரு நாளும் குடி மாறவில்லை. வீடு நின்ற இடத்தில்தான் நின்றது. நாடுதான் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் நாங்கள் வட கரோலினா. அவர்கள் எங்களை வேண்டாம் என்று கைகழுவினார்கள். சரி போ, நாங்களே ஒரு மாநிலம் ஆகிறோம் என்று பிராங்ளின் மாநிலம் என ஒன்றை உண்டாக்கினோம். ஆளுநர், சட்டசபை எல்லாம் வைத்தோம். சம்பளம் மான்தோலில். கிழக்கே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குள் கரோலினாவுக்கு மனசு மாறி, நீங்கள் எங்கள் ஆட்கள்தான் என்றது. அப்புறம் சில வருஷம் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாமே இரண்டிரண்டு. இரண்டு ஷெரீப், இரண்டு கோர்ட்டு, வரி கேட்டு வருகிறவனும் இரண்டு பேர். கடைசியில் ஒரு பிப்ரவரி மாதம், கொட்டுகிற பனியில், ஒரு பண்ணை வீட்டைச் சுற்றி இரண்டு தரப்பும் துப்பாக்கியோடு நின்றன. கரோலினாக்காரர்கள் வீட்டுக்குள்ளே. பிராங்ளின்காரர்கள் வெளியே. ஆர்ச்சி வெளியே நின்றவன். குண்டு பட்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் பிராங்ளின் மாநிலமே இல்லாமல் போனது. கலைத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"நாட்டுக்காகச் செத்தாருன்னு சொல்லலாம்னா அந்த நாட்டையே காணோமே ஏனோக்கு," என்றாள் அண்ணி. அழவில்லை. ஓடத்து வடத்துக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டே சொன்னாள். "யாராவது கேட்டா என்ன சொல்றது? இல்லாத ஊருக்குப் போய்ச் செத்தாருன்னா?"

 ஆர்ச்சி விட்டுப்போனது கல்லும் கரடுமான ஒரு சோளக்கொல்லை, இந்த ஓடத்துறை, இரண்டுதான். கொல்லையில் விளைந்தது அணிலுக்கே பத்தாது. அவள் கழியைப் பிடித்தாள். ஆண்பிள்ளைகளே பயப்படுகிற வெள்ளத்திலும் ஓடம் விட்டாள்.

பிறகு நாங்கள் தென்மேற்குப் பிரதேசம் ஆனோம், அதற்கப்புறம் டென்னசி ஆனோம். அமெரிக்காவில் பதினாறாவது மாநிலம். இந்தத் தடவை நிஜமாகவே சேர்த்துக்கொண்டார்கள் என்று சொன்னார்கள். நாங்கள் தலையை ஆட்டினோம், நம்பவில்லை. அதற்கடுத்த வருஷம் மாடு ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பிய ஒருவன் ஓடக்கூலிக்காக ஒரு புது வெள்ளி டாலரை நீட்டினான். ஒரு பெண்பிள்ளையின் தலை, கூந்தலில் நாடா, சுற்றிலும் நட்சத்திரம். எங்கள் பாதிரியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். பதினாறு.

"ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு மாநிலம் அம்மா," என்றார்.

"நம்மது எது?"

அவர் யோசித்து, கடைசியாகச் சேர்ந்ததால் கடைசி நட்சத்திரமாக இருக்கும் என்று அந்தப் பெண்பிள்ளையின் மார்புக்குப் பக்கத்தில் இருந்ததைத் தொட்டுக் காட்டினார்.

"அப்போ இது ஆர்ச்சி," என்றாள் அண்ணி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எங்கேயோ பிலடெல்பியாவில் காசு அடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற எவனோ ஒருவன் எங்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறான். ஆர்ச்சி கேட்டதும் அதுதான். தாமதமாக வந்தாலும் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் மோர் கேட்டவனுக்கெல்லாம் விஸ்கி ஊற்றினாள்.

அந்தச் சந்தோஷம் இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை. அடுத்து வந்த டாலரில் பதிமூன்றுதான் இருந்தது.

இதற்கடுத்து நடந்த கூத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. வேறு ஊராக இருந்தால் அச்சு மாறிவிட்டது போலிருக்கிறது என்று காசைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். நாங்கள் ஒரு தடவை மாநிலமாக இருந்து இல்லாமல் போனவர்கள். எங்களை மறுபடியும் சொல்லாமல் கொள்ளாமல் கலைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டோம். என் உலைக்களத்தில் முப்பது பேர் துப்பாக்கியோடு கூடி, இன்றைக்கு நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று விளையாட்டில்லாமல் விவாதம் செய்தார்கள். வரி வாங்க வந்த ஷெரீப்பிடம் ஒருவன், "மொதல்ல நீ எந்த நாட்டு ஷெரீப்புன்னு சொல்லு" என்றான். அவருக்கே சந்தேகம் வந்து, குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்.

தலைநகர் நாக்ஸ்வில்லிலிருந்து சேதி வரப் பத்து நாள் ஆயிற்று. மாநிலம் பத்திரமாக இருக்கிறது. மாநிலங்கள் சேரச் சேர நட்சத்திரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காசில் இடம் கொள்ளாது என்று, நாணயச்சாலையில் முதல் பதிமூன்றோடு நிறுத்திவிட்டார்கள். சங்கதி இவ்வளவுதான். எல்லாருக்கும் உயிர் வந்தது, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அண்ணி போகவில்லை. அந்தக் காசை என் பட்டறைக் கல்லின் மேல் வைத்தாள்.

"இன்னும் மூணு போடு."

"அண்ணி, இடம் பத்தலைன்னுதான நிறுத்தியிருக்காங்க."

"இடம் பத்தலையா? ஒரே அறைல பதினோரு பேரு படுத்து வளந்தவ நான். பனில வழிப்போக்கன் கதவத் தட்டினா அவனையும் உள்ள இழுத்துப் படுக்க வெச்சோம். இடம் இல்லன்னு எவனையாவது எழுப்பி வெளிய தள்ளினோமா?"

"அது வீடு. இது காசு."

"திருப்பிப் பாரு."

திருப்பினேன். கழுகின் தலைக்கு மேலே கொத்தாக நட்சத்திரங்கள். அங்கேயும் பதிமூன்று.

"மறந்திருந்தா ஒரு பக்கம் மறப்பாங்க. ரெண்டு பக்கமுமா மறப்பாங்க?" என்றாள். "சேக்கவே இல்லன்னா பரவால்ல ஏனோக்கு. சேத்துட்டு எடுத்தாங்க பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல."

"சரி. நமக்கு ஒண்ணுதானே? எதுக்கு மூணு?"

"பதிமூணுக்கப்புறம் சேந்த வெர்மான்ட்டையும் கென்டக்கியையுந்தான நம்மளோட சேத்து விட்டுட்டாங்க. வெர்மான்ட் எந்தத் திசைல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. அதுக்காக நாம மட்டும் ஏறிக்கிட்டு அவங்கள விட்டுட்டா, பிலடெல்பியாக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

தேய்ந்த அரம் ஒன்றின் நுனியை ஆறு முனையாக ராவி, பதம் வைத்து, ஒரு முத்திரை உளி செய்தேன். காசை ஈயக் கட்டியின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தபோது எனக்கே கோபம் வந்தது. அந்தப் பெண்பிள்ளையின் முகத்துக்கு எதிரே ஆடு மேய்கிற அளவுக்கு வெறும் இடம் கிடந்தது. இடம் இல்லையாம். வரிசையாக மூன்று அடித்தேன்.

அன்றிலிருந்து அது ஓடத்துறையின் சட்டம் ஆயிற்று. பதிமூன்று நட்சத்திரக் காசைக் கொடுத்தால் அண்ணி வாங்கமாட்டாள். "அதோ உலைக்களம். போய் மூணு போட்டுட்டு வா, ஓடம் நிக்கும்" என்பாள். போட்டுக்கொண்டு வந்தவனுக்கு ஓடம் நின்றது. முனகியவனுக்கு நிற்கவில்லை. ஒரு தகர வியாபாரி நன்றாகவே கேட்டான்.

"ஸ்பெயின் ராஜா மூஞ்சி போட்ட காச வாங்கிப் போட்டுக்கறீங்க. சொந்த நாட்டுக் காசுன்னா மட்டும் ஆகாதா உங்களுக்கு?"

"ஸ்பெயின் ராஜா என்னை எண்ணிக்கிறேன்னு சொன்னதே இல்ல," என்றாள் அண்ணி. "சொல்லாதவன்கிட்ட நான் ஏன் சண்டை போடறேன்?"

அவளுக்கும் வாயடைத்துப்போன நாள் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். கூடை விற்க வந்த செரோக்கிப் பெண் ஒருத்தி ஓடத்தில் உட்கார்ந்து, மூன்று நட்சத்திரம் போட்ட காசை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த ஆற்றில் எங்கள் தாத்தாமார் காலை நனைப்பதற்கு முன்பே தோணி விட்டவர்கள் அவள் ஆட்கள். "இதுல எங்களது எது?" என்று கேட்டாள். கேலியா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணி அக்கரை போகும்வரை கழி போட்டாளே ஒழிய வாய் திறக்கவில்லை. கூலியும் வாங்கவில்லை. சாயங்காலம் என்னிடம், "அவ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல ஏனோக்கு" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். 

கர்னல் ஹேத்கோட் வந்து சேர்ந்தது அந்த இலையுதிர் காலத்தில்தான். கரோலினாப் பக்கத்திலிருந்து நிலம் வாங்கிக் குவித்துக்கொண்டு வந்தவர். எதிர்க்கரையில் பெரிய வளைவு முழுக்க அவருடையது. ஓடத்துறையும் கைக்கு வந்துவிட்டால் போகிற வருகிற எல்லாரும் அவர் கடை வழியாகத்தான் போகவேண்டும். நான்கு வண்டிச் சரக்கோடு வந்து, பளபளவென்று ஒரு புது டாலரை அண்ணி முன்னே நீட்டினார். அவள் உலைக்களத்தைக் காட்டினாள்.

"என் காசில ஓட்டை உடைசல் பண்ணச் சொல்றியா?"

"ஓட்டை இல்லீங்க. நட்சத்திரம். கொறையறத நெரப்பறோம்."

"உனக்குப் பைத்தியமா?"

"இருக்கலாம். ஓடம் என்னுது."

கர்னல் வண்டிகளைத் திருப்பிக்கொண்டு மேல்துறைக்குப் போய் ஓடமில்லாமலே ஆற்றில் இறங்கினார். சர்க்கரை மூட்டை அத்தனையும் நனைந்து பாகாகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். நான் வஞ்சனையில்லாமல் சிரித்தேன். அந்தச் சிரிப்பு, ஓடத்துறை உரிமத்தை இனிமேல் அவளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அவர் கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும் நின்றது. உரிமம் போனால் அண்ணிக்கு மிச்சம் அந்தச் சோளக்கொல்லைதான். அறுபதை நெருங்குகிறவள் யார் வீட்டு அடுப்படியில் போய் நிற்பாள்?

கோர்ட்டு என்றால் மரக்கட்டை அடுக்கிய ஒரே கூடம். நடுவில் உட்கார்ந்திருந்தவர் நீதிபதி ஓசியா லைல். பனியில் நடந்த அந்தச் சண்டையின்போது பண்ணை வீட்டுக்கு உள்ளேயிருந்து சுட்டவர்களில் அவரும் ஒருவர். ஊருக்கே தெரியும், ஒருவரும் பேசமாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அண்ணியின் ஓடத்தில்தான் ஆற்றைக் கடக்கிறார். அவர் ஒரு முனையில் நிற்பார், அவள் மறுமுனையில் கழி போடுவாள். கூலியைப் பலகைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போவார். கையில் கொடுத்ததில்லை.

கர்னல் முதலில், இந்தப் பெண்பிள்ளை நாட்டுக் காசைச் சேதம் செய்கிறாள் என்றார். லைல் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நட்சத்திரம் அடிச்சா வெள்ளி கொறையுமா?"

"கொறையாதுங்க. வெட்டினாத்தான் உளில ஒட்டிட்டுப் போகும். இது சும்மா அமுங்கும், அவ்வளவுதான். நிறுத்தே பாத்துக்குங்க."

நிறுத்துப் பார்த்தார்கள். தராசுத் தட்டு அசையவில்லை. எங்கள் பக்கம் வெள்ளிக்கு எடைதான் பேச்சு, படம் இல்லை. அந்தக் குற்றச்சாட்டு அப்படியே விழுந்தது. ஆனால் கர்னல் சும்மா இருக்கிற ஆளா? பொது ஓடத்துறை வைத்திருப்பவள் நாட்டின் காசை நாட்டில் வந்தபடியே வாங்கித்தான் ஆகவேண்டும், மாட்டேன் என்றால் உரிமம் எதற்கு என்று கேட்டார். மற்ற நீதிபதிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

"மிஸஸ் மெக்காமி," என்றார் லைல். பெயர் சொல்லி அவர் அவளை அழைத்ததை நான் அன்றுதான் கேட்டேன். "கர்னல் இப்போ ஒரு காசு குடுப்பாரு. எந்த அடையாளமும் போடாத காசு. எல்லார் முன்னாடியும் கைநீட்டி வாங்கிக்கணும். வாங்கினா உரிமம் உங்களுக்கு. வாங்கலைன்னா அவருக்கு. எனக்கு வேற வழி இல்ல."

கர்னல் டாலரை மேசையின் ஓரத்தில், அண்ணியின் கை எட்டுகிற இடத்தில் வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. நாய்க்கு ரொட்டி வைத்துவிட்டு நிற்கிற மாதிரி. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் அவள் காதோரம் போய்க் கெஞ்சினேன்.

"வாங்கிடு அண்ணி. ஒரே தடவை. யாரும் உன்னைக் கொறச்சு நெனைக்கமாட்டாங்க."

"நான் நெனப்பேனே," என்றாள். பிறகு லைலைப் பார்த்து, "நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள்.

"கேளுங்க."

"வாங்கிட்டா இது என் காசுதானே?"

"உங்க காசுதான்."

"என் காச நான் என்ன வேணும்னாலும் செய்யலாமா? இப்பவே? இங்கேயே?"

 லைலுக்குப் புரிந்துவிட்டது என்று அவர் தாடை அசைந்ததிலேயே தெரிந்தது. கர்னலுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

"செய்யலாம்," என்றார் லைல்.

அண்ணி கைநீட்டிக் காசை எடுத்தாள். நன்றாக எல்லாரும் பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அப்புறம் நீதிபதிகளின் மேசைமேலேயே அதை வைத்து, "ஏனோக்கு" என்றாள்.

முத்திரை உளியும் சுத்தியலும் என் தோல் மேலங்கிப் பையில்தான் இருந்தன. கர்னலின் குதிரைகள் அத்தனைக்கும் லாடம் அடிக்கிறவன் நான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாசமாய்ப் போகட்டும் என்று மேசைக்கு நடந்தேன்.

"இது கோர்ட்டு," என்றார் கர்னல். "இங்க இந்தக் கூத்தெல்லாம் விடுவீங்களா?"

"மேசை ஓக்கு மரம்," என்றார் லைல். "தாங்கும்."

வெர்மான்ட்டுக்கு ஒன்று அடித்தேன். கென்டக்கிக்கு ஒன்று.  மூன்றாவதுக்காக உளியை நிறுத்தியபோது அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி, பிடி அந்தப் பக்கமாக இருக்கும்படி லைலின் முன்னே நீட்டினாள்.

"இது யாருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

 லைல் எழுந்து நின்றார்.

"தெரியும்," என்றார். "அன்னிக்குப் பனில மூஞ்சி எதுவும் தெரியல. ஆனா யாரு விழுந்தாருன்னு தெரியும்."

"அப்போ நீங்களே அடிங்க. உள்ள இருந்த நீங்களும் இந்தக் காசுல இல்ல, வெளிய நின்ன அவரும் இல்ல. ரெண்டு பேரும் எந்த மண்ணுக்காகச் சுட்டுக்கிட்டீங்களோ, அந்த மண்ணாவது இதுல இருக்கட்டும்."

லைல் மேசையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். நான் உளியைப் பிடித்துக்கொடுத்தேன். அவர் சுத்தியலை வாங்கிக்கொண்டார். அடித்தார். அடி சாய்ந்து விழுந்தது. அண்ணி காசை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். முதல் இரண்டும் நேராக நிற்க, மூன்றாவது ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"கோணலா விழுந்துட்டுது," என்றார் லைல். "பழக்கமில்லாத கை."

அண்ணி கட்டைவிரலால் அந்த நட்சத்திரத்தைத் தடவினாள். அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதை ஆர்ச்சியைப் புதைத்த நாளில்கூட நான் பார்த்ததில்லை.

"பரவால்லைங்க," என்றாள். "இருக்குல்ல."